குழந்தையின் உடல்நல வரலாற்றை ஆட்டிசம் பதிவேட்டில் சேர்ப்பது எப்படி: ஸ்பார்க்கில் இணையும் தமிழ்ப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வாழும் குடும்பங்களுக்காக ஸ்பார்க் என்ற ஆட்டிசம் ஆய்வுப் பதிவேடு 2016-லிருந்து நடந்துவருகிறது. நடத்துவது சைமன்ஸ் அறக்கட்டளை. வீட்டிலிருந்தபடியே குழந்தையின் உடல்நல வரலாற்றை இணையத்தில் எழுதி, எச்சில் மாதிரியைத் தபாலில் அனுப்பிச் சேரலாம். செலவு கிடையாது.

மதுரையில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்த என் மகனை அதில் சேர்த்தபோது, கணக்கைத் திறந்த கையோடு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டே போனேன். பாதிப் பதில்கள் ஊகம். சில மாதம் கழித்து ஊரிலிருந்து அவனுடைய பழைய காகிதங்கள் வந்தன. ஒத்துப் பார்த்தால் நான்கு இடத்தில் தவறு. பிறந்த வாரக் கணக்கு, முதல் வலிப்பு வந்த வயது போன்ற முக்கியமான இடங்கள். அதற்கப்புறம் நியூ ஜெர்சியில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சேரும்போது பக்கத்தில் உட்கார்ந்து உதவி வருகிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

1. எந்தப் பதிவேடு என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள்

"எங்க டாக்டர் ஏற்கெனவே பதிவு பண்ணிட்டாரே" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது வேறு பதிவேடு. நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் அரசின் சுகாதாரத் துறையே ஆட்டிசம் பதிவேடு வைத்திருக்கிறது. அதில் தகவல் தருவது மருத்துவர்களின் சட்டக் கடமை. நியூ ஜெர்சியில் 22 வயதுக்குள் இருப்பவர்களை மருத்துவர் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் பதியச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

ஸ்பார்க் ஆய்வுப் பதிவேடு. அதில் நீங்களாக விரும்பிச் சேர்ந்தால்தான் உண்டு. மாநிலப் பதிவேட்டில் இருப்பதால் இதில் தானாகச் சேர்ந்துவிட மாட்டீர்கள், இதில் சேர்வதால் அது மாறப்போவதும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது சிகிச்சை இல்லை. சேர்ந்தால் தெரபி நேரம் அதிகமாகாது, காத்திருப்புப் பட்டியலில் முன்னே போக மாட்டீர்கள். சேராவிட்டாலும் எந்தச் சேவையும் குறையாது. அந்த எதிர்பார்ப்போடு வருபவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், பாதி நிரப்பிய வரலாற்றால் ஆய்வாளருக்கும் பெரிய பயன் இல்லை.

2. யார் சேரலாம், யார் கையெழுத்துப் போட வேண்டும்

அமெரிக்காவில் வசிக்க வேண்டும். குழந்தைக்கு ஆட்டிசம் என்று தொழில்முறையில் தகுதி பெற்ற ஒருவர் நோயறிந்து சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலமோ ஸ்பானிஷோ படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் படிவம் இல்லை. ஊரில் இருக்கும் அண்ணன் குழந்தையை இங்கிருந்து சேர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது.

கணக்கைத் திறப்பவர் குழந்தைக்காகச் சட்டப்படி ஒப்புதல் தரக்கூடிய பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். நம் வீடுகளில் இணைய வேலையெல்லாம் ஒருவர் கையில்தான் இருக்கும். அவரே மனைவிக்கும் சேர்த்து "சம்மதம்" என்று தட்டிவிடுவார். இது கூடாது. தாயும் தகப்பனும் அவரவர் மின்னஞ்சலில் அவரவர் பகுதியைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குத் தனி மின்னஞ்சல் இல்லையென்றால் முதலில் அதை உருவாக்குங்கள்.

பெற்ற தாய், பெற்ற தகப்பன், குழந்தை மூவரும் சேர்வதுதான் மிகவும் பயனுள்ளது. குழந்தையிடம் ஒரு மரபணு மாற்றம் தெரிந்தால், அது பெற்றோரிடமிருந்து வந்ததா, குழந்தையிடம் புதிதாக உண்டானதா என்று பிரித்துச் சொல்ல மூவரின் மாதிரியும் வேண்டும். ஒருவர் சேர முடியாத நிலை என்றாலும் மற்றவர்கள் சேரலாம். தத்தெடுத்த குழந்தை என்றாலோ, தானமாகப் பெற்ற கருமுட்டை, விந்தணு வழிப் பிறந்த குழந்தை என்றாலோ அதை உள்ளபடி சொல்லுங்கள். உறவினருக்குத் தெரியாமல் வைத்திருப்பது உங்கள் உரிமை. படிவத்தில் மறைத்தால் மரபணுக் கணக்கே தப்பிவிடும்.

3. படிவத்தைத் திறக்கும் முன் ஒரு நோட்டு

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். கேள்வி திரையில் வந்தபின் நினைவைத் தேடினால், மனம் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். "எப்போது நடந்தான்?" என்றால் "ஒரு வயசுல" என்று வாய் தானாகச் சொல்லும். குழந்தை வளர வளரப் பெற்றோரின் நினைவில் இந்த வயதுகள் நகர்ந்துவிடுகின்றன என்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அதனால் முதலில் ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்து, கர்ப்ப காலத்தில் தொடங்கி ஆண்டு வாரியாக எழுதுங்கள். ஒரு மாலை போதாது, ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

*பிறப்பு.* நாம் மாதத்தில் பேசுகிறோம், படிவம் வாரத்தில் கேட்கும். "பத்து மாசம் முடிஞ்சு பிறந்தான்" என்றால் ஏறக்குறைய 40 வாரம். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம். "ஒன்பதாம் மாசமே பிறந்துட்டா" என்பதை நீங்களாக வாரமாக மாற்றாதீர்கள். ஒன்பதாம் மாதம் தொடங்கியபோதா முடிந்தபோதா என்பதில் நான்கு வாரம் வித்தியாசம் இருக்கிறது. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியில் வாரம் இருக்கும், அதிலிருந்து எடுங்கள்.

எடையும் அப்படித்தான். 2.75 கிலோ என்பது 6 பவுண்ட் 1 அவுன்ஸ். நோட்டில் கிலோவையே எழுதி, பக்கத்தில் பவுண்டையும் எழுதி வையுங்கள்.

"பிறந்ததும் அழலை", "பெட்டியில வச்சிருந்தாங்க" என்பதையெல்லாம் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எந்தப் பெட்டி? மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்ததா, மூச்சுத் திணறலுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்ததா? எத்தனை நாள்? வெளியிலிருந்து பார்த்த உறவினருக்கு எல்லாமே கண்ணாடிப் பெட்டிதான். ஆனால் மருத்துவ வரலாற்றில் அவை முற்றிலும் வேறு நிகழ்வுகள்.

*வளர்ச்சி.* தலை நின்றது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, தனியாக நடந்தது, முதல் வார்த்தை, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியது, பகலில் சிறுநீர் சொல்லிப் போனது. ஒவ்வொன்றுக்கும் வயதை மாதத்தில் எழுதுங்கள். ஒன்றரை வயது என்றால் 18 மாதம்.

தேதி நினைவில்லையா? நம் வீட்டு விசேஷங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தகப்பனார் மகன் 12 மாதத்தில் நடந்தான் என்று உறுதியாகச் சொன்னார். காதுகுத்து வீடியோ இருக்கிறதா என்று கேட்டேன், எடுத்துப் போட்டார். குலதெய்வக் கோயில், 14 மாதக் குழந்தை, தாய்மாமன் மடியில். சடங்கு முடிந்து கீழே விட்டதும் குழந்தை முட்டி போட்டுத் தவழ்ந்து மணியை நோக்கிப் போகிறது. பின்னால் நாலைந்து பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், திரும்பவே இல்லை. அவர் இரண்டு முறை அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தார். நடந்த வயது திருந்தியது. பெயருக்குத் திரும்பாததும் எந்த வயதில் என்ற குறிப்போடு நோட்டில் ஏறியது.

மொட்டை, முதல் பிறந்தநாள், அந்த ஆண்டுப் பொங்கல், விமானம் ஏறிய நாள் என்று ஒவ்வொன்றுக்கும் படமோ வீடியோவோ இருக்கும். தாத்தா பாட்டிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோக்களும் நல்ல சாட்சி. மேலே உருட்டிப் பாருங்கள், அனுப்பிய தேதி நிற்கும்.

*இழந்தவை.* பேசிய வார்த்தை நின்றுபோனதா, கையசைத்து டாட்டா காட்டியது மறைந்ததா? பல குழந்தைகளுக்கு ஒன்றரை வயதை ஒட்டி இப்படி நடக்கிறது. அதற்கு முன் எத்தனை வார்த்தை இருந்தது, எவ்வளவு நாளில் போனது, திரும்ப வந்ததா என்று எழுதுங்கள். ஏன் போனது என்று உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம். அதைத் தனிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலக்கோட்டில் நடந்தது மட்டும் இருக்கட்டும்.

*நோய்கள்.* "ஜன்னி வந்துச்சு", "வெட்டி இழுத்துச்சு" என்று பாட்டி சொன்னால் மேலும் கேளுங்கள்: காய்ச்சல் இருந்ததா, எத்தனை நிமிடம், கண் மேலே சொருகியதா, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களா? காய்ச்சலோடு வரும் வலிப்பும் காய்ச்சலே இல்லாமல் வருவதும் படிவத்தில் வேறு வேறு. "சீர் தட்டிருச்சு", "தோஷம்" என்று ஊரில் சொன்னவற்றுக்கு அடியில் வயிற்றுப்போக்கோ நீரிழப்போ இருந்திருக்கலாம். அறிகுறியை எழுதுங்கள், பெயரை விட்டுவிடலாம்.

பாட்டியிடம் கேட்கும் விதமும் முக்கியம். "அவன் லேட்டா வளர்ந்தானா அத்தை?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருந்தான்" என்றுதான் பதில் வரும். பேரனைக் குறை சொல்ல அவர்களுக்கு மனசு வராது. "மொட்டை போட்டப்போ தானா நின்னானா, நீங்க பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள், சரியான விவரம் வரும். "இவங்கப்பாவும் மூணு வயசு வரைக்கும் பேசலையே" என்று அவர்கள் சமாதானத்துக்குச் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வரலாற்றில் அதற்கு இடம் இருக்கிறது.

சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று எந்த உறவு என்பதோடு. நெருங்கிய உறவில் திருமணம் நடந்தால், பெற்றோர் இருவரும் ஒரே மரபணு மாற்றத்தைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆய்வாளருக்கு இது ஒரு தகவல். இதில் குற்றம் எதுவும் இல்லை, இங்கே உங்களை யாரும் எடைபோடுவதும் இல்லை.

4. காகிதங்களைத் திரட்டுங்கள்

நோட்டுக்குப் பிறகுதான் காகிதம். எது விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும். அடுக்கிலிருந்து ஐம்பது தாளை அள்ளிப் போட்டுப் புரட்டினால் நாள் போகும், வேலை நடக்காது.

ஊரிலிருந்து: டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, கர்ப்ப கால ஸ்கேன் அறிக்கைகள். வீட்டில் யாரையாவது வெளிச்சத்தில் வைத்து முழுப் பக்கமும் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் தேதிதான் முதலில் போகும்.

இங்கிருந்து: நோயறிதல் அறிக்கை, குழந்தை மருத்துவரின் பதிவுகள், செவித்திறன் சோதனை, மூளை அலைப் பதிவு எடுத்திருந்தால் அதன் முடிவு, முன்பே மரபணுச் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கை. ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டப்படி, கேட்ட 30 நாளுக்குள் மருத்துவமனை உங்கள் குழந்தையின் பதிவுகளைத் தர வேண்டும். ஒருமுறை மட்டும் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். அதனால் இதை முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள்.

நோயறிதல் அறிக்கையில் மூன்று விஷயங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்: யார் சொன்னார், எந்தத் தேதியில், எந்தப் பெயரில். 2013-க்கு முன் சொல்லப்பட்டிருந்தால் ஆஸ்பெர்கர் போன்ற பழைய பெயர் இருக்கலாம். அறிக்கையில் உள்ள பெயரையே பயன்படுத்துங்கள், புதுப் பெயராக நீங்கள் மாற்ற வேண்டாம். பள்ளிக்கூடம் சேவைக்காக வகைப்படுத்துவது வேறு, மருத்துவரோ உளவியலாளரோ நோயறிவது வேறு. இரண்டும் இருந்தால் இரண்டு தேதியையும் எழுதி வையுங்கள்.

மருந்துகளை மூலப் பெயரில் எழுதுங்கள். இந்திய வணிகப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. நாம் பாராசிட்டமால் என்பது இங்கே அசிட்டமினோஃபென், கடையில் டைலெனால். ஊரில் கொடுத்த கால்பால், குரோசின் எல்லாம் இதே மருந்துதான். பெயர் வேறு என்பதால் "அசிட்டமினோஃபென் கொடுத்ததே இல்லை" என்று எழுதிய ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். உரை மருந்து, வசம்பு, சித்த மருந்து கொடுத்திருந்தால் அதுவும் நோட்டில் இருக்கட்டும்.

தேதி எழுதும் முறையில் ஓர் எச்சரிக்கை. ஊர்க் காகிதத்தில் 07/04 என்றால் ஏப்ரல் 7. இங்கே அது ஜூலை 4. நோட்டில் மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

5. ஒப்புதல் படிவத்தை அன்றே தட்டிவிடாதீர்கள்

நீளமானதுதான். ஆனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். இதில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் கலந்து கிடக்கின்றன: வரலாற்றைத் தருவது, எச்சிலைத் தருவது, மரபணு முடிவு கிடைத்தால் தெரிந்துகொள்ள விரும்புகிறோமா என்பது, வேறு ஆய்வுகளுக்காக உங்களைத் தொடர்புகொள்ளலாமா என்பது. எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் சரி என்பதை விட, ஒவ்வொன்றையும் தனியாகப் பேசி முடிவெடுங்கள்.

தகவல் ஆய்வாளர்களுக்குப் போகும்போது பெயர், முகவரி நீக்கி ஒரு குறியீட்டோடு போகிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் அதற்கு முன் ஆய்வாளர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

விசாவில் இருக்கும் குடும்பங்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது கவர்ன்மென்ட்டுக்குப் போகுமா?" ஸ்பார்க் அரசுப் பதிவேடு இல்லை. தகவலை யாரோடு பகிர்கிறார்கள், ரகசியத்தை எப்படிக் காக்கிறார்கள் என்பதற்குப் படிவத்தில் தனிப் பகுதி இருக்கிறது. அதை மெதுவாகப் படியுங்கள், புரியாததை அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். காப்பீட்டுக் கவலைக்கு: ஜினா என்ற 2008-ஆம் ஆண்டுச் சட்டம், மரபணுத் தகவலை வைத்து மருத்துவக் காப்பீட்டிலோ வேலையிலோ பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, நீண்ட காலப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவை அதில் வராது. ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படித்தபின்னும் பயம் போகவில்லையா? சேர வேண்டாம். நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. அரை மனதோடு சேர்ந்தவர்கள் பிறகு பதில்களில் பதுங்குகிறார்கள்.

6. கேள்விகளுக்குப் பதில் எழுதுதல்

குழந்தையின் அந்தந்த வயதில் பகல் முழுக்கக் கூட இருந்தவர் யாரோ அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தட்டச்சு யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

எந்தக் காலத்தைக் கேட்கிறார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் இதைப் பாருங்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். எஸ்சிக்யூ என்ற சமூகத் தொடர்பு வினாத்தாளில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 40 கேள்விகள். சில கேள்விகள் "எப்போதாவது இப்படி இருந்ததா" என்று கேட்கின்றன. பின்பாதியில் உள்ளவை 4 வயதுக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியவை. உங்கள் மகளுக்கு இப்போது 11 வயது, தெரபியால் நன்றாகத் தேறிவிட்டாள், இன்றைய நிலையை மனதில் வைத்து "ஆம், நண்பர்களோடு விளையாடுகிறாள்" என்று எழுதினால் அது கேட்ட கேள்விக்கான பதில் ஆகாது. நோட்டில் அந்த ஓர் ஆண்டுக்கான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இதில் பெற்றோருக்கு ஒரு வலி இருக்கிறது. தேறிய குழந்தையைப் பற்றி மறுபடி அந்த நாட்களை எழுதுவது லேசான காரியம் இல்லை. பாதியில் மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள்.

எந்த மொழியில் பேசினாலும் பேச்சுதான். "சொற்றொடர் பேசுகிறதா" என்றால் ஆங்கிலத்தில் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "பால் வேணும்", "அப்பா வா" என்று சொன்னால் அது சொற்றொடர்தான். எஸ்சிக்யூவின் முதல் கேள்வியே இதுபோன்றதுதான். அதற்கு இல்லை என்றால் பேச்சைப் பற்றிய அடுத்த சில கேள்விகளைத் தாண்டிப் போகச் சொல்லும். அந்த ஒரே பதிலில் ஆறு கேள்விகள் போய்விடும். அதே சமயம், விளம்பர வசனத்தை அப்படியே ஒப்பிப்பதும் "அம்மாம்மாம்மா" என்ற மழலையும் அர்த்தத்தோடு பேசும் வார்த்தைகள் இல்லை.

"நான்", "நீ" மாற்றிச் சொல்வது. ஆங்கிலப் படிவம் தமிழ்க் குழந்தையைத் தவறவிடும் இடம் இது. தன்னைக் குறிக்க "நீ" என்றோ "அவன்" என்றோ சொல்கிறதா என்று கேட்பார்கள். தமிழில் நாம் "நான்", "நீ" என்பதைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை. அதனால் பெற்றோர் சட்டென்று இல்லை என்கிறார்கள். நான் அவர்களிடம் வேறு மாதிரி கேட்பேன்: "அவனுக்குத் தாகம்னா எப்படிக் கேட்பான்?" ஒரு அம்மா யோசித்துவிட்டு, "தண்ணி வேணுமா? தண்ணி வேணுமாம்பான்" என்றார். நாம் அவனிடம் கேட்கும் கேள்வியையே தன் தேவைக்குத் திருப்பிச் சொல்கிறான். நம் மொழியில் அந்த மாற்றம் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது. தன்னைப் பெயர் சொல்லிக் குறிப்பது மட்டும் என்றால் வேறு, சின்னக் குழந்தைகள் எல்லாரும் அப்படிச் சொல்வதுண்டு.

காட்டுவதும் இழுத்துப் போவதும். "வேணும்னா காட்டுவாள்" என்பார்கள். விரலை நீட்டிக் காட்டுகிறாளா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃப்ரிட்ஜ் மேல் வைக்கிறாளா? வேண்டியதைக் கேட்கக் காட்டுவது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தை "பாரேன்" என்று உங்களுக்குக் காட்டுவது இன்னொன்று. கேள்வி எதைப் பற்றியது என்று இரண்டு முறை படியுங்கள்.

தெரியாது என்றால் தெரியாது. அந்தத் தேர்வு இருக்கும் இடத்தில் தயங்காமல் அதைத் தேர்ந்தெடுங்கள். ஊகித்த எண்ணும் ஆவணத்திலிருந்து எடுத்த எண்ணும் தரவில் ஒரே மாதிரிதான் தெரியும், பார்ப்பவருக்கு எது எதுவென்று பிரிக்க வழியில்லை. வெற்றிடம் இருந்தால் அது வெற்றிடம் என்றாவது தெரியும்.

உதவி செய்ய வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வியைத் தமிழில் விளக்குங்கள், பதிலை நோக்கித் தள்ளாதீர்கள். "கண்ணைப் பார்க்க மாட்டான் இல்லையா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "கூப்பிட்டா என்ன செய்வான்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

7. எச்சில் மாதிரி

பெட்டி வீட்டுக்கு வரும். அதில் உள்ள வழிமுறைதான் கடைசி வார்த்தை, கீழே உள்ளவை அதற்குத் துணை.

எச்சில் எடுப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம் எதுவும் கூடாது. உணவுத் துணுக்கு கலந்தால் மாதிரி கெட்டுவிடும். துப்பத் தெரிந்த குழந்தை என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே பல் தேய்க்கும்போது துப்பிப் பழக்குங்கள். துப்பத் தெரியாத குழந்தைக்குச் சிறு பஞ்சுக் குச்சிகளால் கன்னத்தின் உட்புறம் ஒற்றி எடுக்கும் முறை இருக்கிறது. அது வேண்டும் என்று பெட்டி கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். வாயில் எதையும் விடாத குழந்தை என்றால் பசியும் களைப்பும் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலில் அப்பா, பிறகு அம்மா எடுத்துக் காட்டுங்கள். பார்த்துவிட்டுத் தானே வாயைத் திறந்த குழந்தைகள் உண்டு. அழுது அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம்.

குழாயில் கோடு வரை எச்சில் வர வேண்டும், நுரை கணக்கில் சேராது. மூடியில் இருக்கும் திரவம் எச்சிலைக் கெடாமல் வைப்பதற்கானது. குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஒருவருடையதை எடுத்து, மூடி, குலுக்கி, பெயர் சரிபார்த்து ஓரமாக வைத்த பிறகே அடுத்தவர் குழாயைத் திறங்கள். எல்லாக் குழாயையும் மேசையில் பரப்பி வைத்து அண்ணன் குழாயில் தம்பி எச்சிலைப் போட்ட வீடு உண்டு. அப்படி நடந்துவிட்டால் மறைத்து அனுப்பாமல் உடனே தகவல் சொல்லிப் புதுப் பெட்டி கேளுங்கள்.

8. முடிவுக்காகக் காத்திருத்தல்

ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பத்தில் ஒருவருக்குத்தான் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணு மாற்றம் கண்டறியப்படுகிறது. எதுவும் வரவில்லை என்றால் மரபணுக் காரணமே இல்லை என்று பொருளாகாது. இன்று தெரிந்த பட்டியலில் எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான். பட்டியல் வளர வளரப் பழைய மாதிரிகளையும் மறுபடி பார்க்கிறார்கள். அதனால் வீடு மாறினாலும் போன் எண் மாறினாலும் கணக்கில் மாற்றி வையுங்கள். முடிவு வந்தும் ஆளைப் பிடிக்க முடியாமல் போகக் கூடாது.

முடிவு வந்தால் மரபியல் ஆலோசகரோடு பேசுங்கள். எஸ்சிஎன்2ஏ போன்ற சில மரபணு மாற்றங்களோடு வலிப்பும் சேர்ந்து வருவதுண்டு, நரம்பியல் மருத்துவருக்கு அது உடனே உதவும் தகவல்.

இதை எச்சில் அனுப்பும் முன்பே கணவன் மனைவி பேசிவையுங்கள்: மாற்றம் ஒருவர் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை யாரிடம் சொல்வோம்? "உங்க குடும்பத்துல இருந்துதான் வந்துச்சு" என்ற ஒரு சொல் நம் வீடுகளில் எவ்வளவு தூரம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தையிடம் புதிதாக உண்டான மாற்றங்களும் நிறைய. அதில் யார் பக்கமும் இல்லை. பெரியவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்ற முடிவை, சோதனை முடிவு வந்த அன்று சூடாக எடுக்க வேண்டாம்.

9. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்

சேர்ந்தபோது இருந்த குழந்தை அல்ல, மூன்று ஆண்டு கழித்து இருப்பது. புதிய நோயறிதல், நிறுத்திய மருந்து, தூக்கம், வயிற்றுப் பிரச்சினை எல்லாம் மாறியிருக்கும். வலிப்பு சிலருக்குப் பதின்ம வயதில்தான் முதல்முறை வருகிறது. என் மகனின் பிறந்தநாள் வாரத்தில் நோட்டையும் கணக்கையும் சேர்த்துத் திறப்பது எங்கள் வழக்கம். புதிதாகக் கேள்வித்தாள் வந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். முதலில் எழுதியதில் தவறு தெரிந்தால், திருத்த என்ன வழி என்று அவர்களிடம் கேளுங்கள். நான் என் நான்கு தவறுகளையும் அப்படித்தான் எழுதிச் சொன்னேன்.

18 வயது ஆகும்போது உங்கள் ஒப்புதல் போதாது. அவரே படித்து ஒப்புக்கொள்ள வேண்டும், முடியாத நிலை என்றால் சட்டப்படி அவருக்காக முடிவெடுக்கும் உரிமை பெற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாவலர் உரிமைக்கான நீதிமன்ற வேலை மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் 17 வயதிலேயே தொடங்குங்கள். தானே முடிவெடுக்கக்கூடிய பிள்ளை என்றால், அவரைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக என்ன எழுதி வந்தீர்கள் என்று நோட்டை அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். தொடர்வதா விலகுவதா என்பதை அதைப் படித்த பிறகு அவர் சொல்லட்டும்.